டாஸ் மெஷின்ல நெட்வொர்க் வரலையா? அடியிலேருந்து மேல ஏறிப் பாருங்க

பழைய 386 இல்ல 486 கம்ப்யூட்டர் ஒண்ணை தூசி தட்டி எழுப்பியாச்சு, டாஸ் (விண்டோஸுக்கு முந்தின ஆபரேட்டிங் சிஸ்டம்) ப்ராம்ப்ட் வந்துடுச்சு, நெட்வொர்க் கார்டும் சொருகியாச்சு, ஆனா பிங் (இன்னொரு மெஷின் பதில் சொல்லுதான்னு பார்க்கற கமாண்ட்) அடிச்சா பதிலே வரல. இந்த இடத்துல நிறைய பேர் மூடி வெச்சுட்டுப் போயிடறாங்க, அதைப் பார்க்கறப்ப எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா பெரும்பாலும் கோளாறு ஒரே ஒரு நம்பர்லதான் இருக்கும், அந்த நம்பரைக் கண்டுபிடிச்சு மாத்தினா அந்த மெஷின் உடனே பேச ஆரம்பிச்சுடும். எங்க தேடணும்கறதுதான் விஷயம். அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, டாஸ்ல நெட்வொர்க்னு எதுவும் உள்ளேயே கிடையாது. விண்டோஸ் மாதிரி அதுவா கார்டைக் கண்டுபிடிச்சு, அதுவா ஐபி வாங்கிக் குடுக்காது. எல்லாமே நாம அடுக்கி வைக்கறதுதான். அடியில கேபிள், அதுக்கு மேல கார்டு, அதுக்கு மேல அந்தக் கார்டோட பேசற டிரைவர், அதுக்கு மேல நெட்வொர்க்ல பேசற மொழியான டிசிபி ஐபி தெரிஞ்ச ப்ரோக்ராம். மேல இருக்கற ப்ரோக்ராம் காட்டற எரர் பாதி நேரம் அடியில இருக்கற கோளாறால வர்றது, அதனால டிஹெச்சிபி (ரூட்டர்கிட்டேருந்து தானா ஐபி வாங்கற முறை) ஃபெயில் ஆச்சுன்னு உடனே ரூட்டரை நோண்டப் போகாதீங்க. அடியிலேருந்து வாங்க, ஒவ்வொரு அடுக்கும் சரியா இருக்குன்னு கண்ணால பார்த்த பிறகுதான் அடுத்ததுக்குப் போங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க. ஜம்பரையும் (கார்டு மேல செட்டிங் மாத்தற குட்டி சொருகி) மாத்தி டிரைவரையும் மாத்தி கேபிளையும் மாத்தினா, சரியாச்சுன்னா கூட எதனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த தடவை மறுபடியும் முதல்லேருந்துதான்.

டிரைவர்ல மூணு வகை இருக்கு. பாக்கெட் டிரைவர், மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்டுக்கு வேணும்கற என்டிஐஎஸ், நாவெல் நெட்வேருக்கு வேணும்கற ஓடிஐ. பழைய நெட்வேர் சர்வரோட பேசப் போறீங்கன்னாத்தான் ஓடிஐ, விண்டோஸ் ஷேரை டிரைவ் லெட்டரா பார்க்கணும்னாத்தான் என்டிஐஎஸ். மத்தபடி எஃப்டிபி, டெல்நெட், ஃபைல் இறக்கறது இதுக்கெல்லாம் பாக்கெட் டிரைவர் போதும், சின்னதா இருக்கும், ஒரே வரில ஏறும், கோளாறு தேடறதும் இதுலதான் சுலபம். நான் எப்பவும் இதுலதான் ஆரம்பிப்பேன், கடைசில நெட்வேரே ஓட்டப் போறேன்னாலும் முதல்ல பாக்கெட் டிரைவரைப் போட்டு கார்டு உயிரோட இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மேல போவேன். அதனால கீழ சொல்றது பெரும்பாலும் பாக்கெட் டிரைவர் கதைதான். அதோட சேர்த்து மைக்கேல் ப்ரட்மன் எழுதின எம்டிசிபி தொகுப்பை இறக்கி வெச்சுக்கோங்க, ஆரம்ப ஐபிஎம் பிசியோட 8088 ப்ராசஸர்ல கூட ஓடும், இலவசம்தான், கோளாறு பார்க்கறதுக்கான டூலும் அதுலயே இருக்கு.

இன்னொண்ணு, நம்பர் எழுதற விதம். இங்க நான் 60 ஹெக்ஸ், 300 ஹெக்ஸ்னு (ஹெக்ஸ்னா பதினாறை அடிப்படையா வெச்ச எண்) எழுதறேன், ஆனா நீங்க கமாண்டுல அடிக்கறப்ப முன்னாடி சைபரும் எக்ஸ் எழுத்தும் சேர்த்துத்தான் அடிக்கணும். அதை விட்டுட்டு வெறும் 300ன்னு அடிச்சா க்ரின்வர்ங்கற பாக்கெட் டிரைவர் தொகுப்புல இருக்கற டிரைவர்லாம் அதை சாதாரண தசம எண்ணா எடுத்துக்கும், அது ஹெக்ஸ்ல 12சி, அந்த அட்ரஸ்ல ஒண்ணுமே இருக்காது. கார்டே செத்துப் போச்சுன்னு நினைச்சு ஓரமா வெச்ச ஒரு கார்டு கடைசில இந்த ரெண்டு எழுத்து இல்லாததாலதான் ஓடலன்னு தெரிஞ்சுது, அதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

கேபிள்

ட்விஸ்டட் பேர் கேபிள்னா கார்டு பின்னாடி லிங்க் லைட் எரியுதான்னு பாருங்க. சில கார்டுல மெஷின் ஆன் பண்ணின உடனே எரியும், சிலதுல டிரைவர் ஏறின பிறகுதான் எரியும், அதனால ஆரம்பத்துல எரியலன்னா பயப்பட வேணாம், டிரைவர் ஏத்திட்டு மறுபடி பாருங்க. அப்பவும் எரியலன்னா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. பழைய கார்டு 10 மெகாபிட்தான் பேசும். இப்ப வர்ற சில ஸ்விட்ச்ல, குறிப்பா 2.5 கிகாபிட், 10 கிகாபிட் போர்ட் வெச்சிருக்கறதுல, 10 மெகாபிட்டையே எடுத்துட்டாங்க. கார்டும் சரி கேபிளும் சரி, ஆனா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வேகமே இல்ல, லைட் எப்படி எரியும்? நடுவுல ஒரு பழைய 10/100 ஸ்விட்சைப் போடுங்க, அவ்வளவுதான், அது ரெண்டு பக்கமும் பேசிக்கும். ரெண்டு பழைய மெஷினை நேரடியா இணைக்கறீங்கன்னா க்ராஸ்ஓவர் கேபிள் வேணும், சாதாரண கேபிள்ல ரெண்டு பேரும் ஒரே கம்பில பேசி ஒரே கம்பில கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நடுவுல ஸ்விட்ச் இருந்தா இந்தக் கவலை இல்ல.

டூப்ளெக்ஸும் கவனிக்கணும். பழைய கார்டு பெரும்பாலும் ஹாஃப் டூப்ளெக்ஸ்தான், அதாவது ஒரே நேரத்துல பேசவும் கேக்கவும் முடியாது. ஸ்விட்ச் போர்ட்டை யாராவது ஃபுல் டூப்ளெக்ஸ்னு கட்டாயப்படுத்தி வெச்சிருந்தா பிங் அழகா போகும், ஆனா பெரிய ஃபைல் இறக்க ஆரம்பிச்சதும் தடுமாறும், வேகம் அதல பாதாளத்துக்குப் போயிடும். ஸ்விட்ச் பக்கம் ஆட்டோல விட்டுடுங்க.

கோஆக்ஸ் கேபிள்ல ஓடற 10பேஸ்2 வெச்சிருக்கறவங்களுக்கு, லிங்க் லைட்னு ஒண்ணு அதுல கிடையாது, அதனால மல்டிமீட்டர் எடுங்க. இந்த கேபிள் ஒரே நீள வரிசை, நட்சத்திர மாதிரி பிரியாது, ரெண்டு கடைசியிலயும் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்கணும், ஒவ்வொரு மெஷினுக்கும் டி கனெக்டர் கார்டு மேலேயே நேரா உட்காரணும், டி-லேருந்து கார்டுக்கு ஒரு துண்டு கேபிள் இழுத்துப் போடறது தப்பு. எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிட்டு ஏதாவது ஒரு டி-யை கார்டுலேருந்து கழட்டி, நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவுல அளந்து பாருங்க. 25 ஓம் பக்கத்துல காட்டினா ரெண்டு டெர்மினேட்டரும் இருக்கு, கேபிளும் முழுசா இருக்குன்னு அர்த்தம். 50 பக்கத்துல வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு, இல்ல ஒரு டெர்மினேட்டர் இல்ல. சைபர் பக்கத்துல வந்தா எங்கயோ ஷார்ட், பெரும்பாலும் கையால க்ரிம்ப் பண்ணின முனைல மெல்லிசா ஒரு இழை தொட்டுக்கிட்டு இருக்கும். டிவி கேபிள் பார்க்க ஒரே மாதிரி இருக்கேன்னு அதை எடுத்துப் போடாதீங்க, அது 75 ஓம், இதுக்கு ஆர்ஜி58 தான் வேணும். மொத்த நீளம் 185 மீட்டருக்குள்ள இருக்கணும், வீட்டுக்குள்ள அது பிரச்சினையே இல்ல.

3காம் 3சி509 மாதிரி ரெண்டு மூணு வகை சாக்கெட் இருக்கற கார்டுன்னா, எந்த சாக்கெட்ல பேசணும்கறது கார்டுக்குள்ளயே சேமிச்சு வெச்சிருக்கும். அந்தக் கார்டு முன்னாடி எங்கயோ கோஆக்ஸ்ல ஓடியிருந்தா இன்னும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கும், நீங்க ட்விஸ்டட் பேர் சொருகினா கண்டுக்காது. அந்தக் கார்டோட கான்ஃபிக் ப்ரோக்ராமை ஓட்டி மாத்திடுங்க.

கார்டு எந்த அட்ரஸ்ல இருக்கு

கார்டைக் கழட்டி, தங்க நிறத்துல இருக்கற கான்டாக்ட் பகுதியை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, மறுபடி நல்லா அழுத்திச் சொருகுங்க. இருபது முப்பது வருஷமா கிடந்த கார்டுல இதுவே பாதி வேலையை முடிச்சுடும். சொருகறதுக்கு முன்னாடி ஜம்பர் இருந்தா எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஐஎஸ்ஏ (பழைய மெஷின்ல இருக்கற ஸ்லாட் வகை) கார்டுக்கு ரெண்டு விஷயம் தெரியணும், ஐஓ அட்ரஸ் (ப்ராசஸர் கார்டோட பேசற போர்ட் நம்பர்), ஐஆர்க்யூ (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடற கம்பியோட நம்பர்). இந்த ரெண்டும் கார்டுல என்ன வெச்சிருக்கோ அதையே டிரைவருக்குச் சொல்லணும், வேற எந்தச் சாமானும் அதே ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. என்ஈ2000ங்கற கார்டு வகைக்கு வழக்கமா 300 ஹெக்ஸ், ஐஆர்க்யூ 3ன்னு வெச்சு விடுவாங்க.

முதல்ல அட்ரஸ். டாஸ்லயே டீபக்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கே, அதை ஓட்டுங்க, ஒரு சின்ன கோடு மட்டும் வந்து நிக்கும், அதுல ஐ எழுத்து, ஒரு இடைவெளி, 300ன்னு அடிச்சு என்டர் தட்டுங்க. இங்க மட்டும் முன்னாடி சைபர் எக்ஸ் வேணாம், டீபக் எல்லாத்தையும் ஹெக்ஸாத்தான் எடுத்துக்கும். ரெண்டு எழுத்து பதில் வரும். எஃப்எஃப்னு வந்தா அந்த அட்ரஸ்ல பதில் சொல்ல யாருமில்லன்னு வெச்சுக்கலாம். என்ஈ2000 வகைக் கார்டு அங்க இருந்து, டிரைவர் இன்னும் ஏறலன்னா, பெரும்பாலும் 21ன்னு வரும், அந்த சிப் ரீசெட் ஆகி நிக்கற நிலையோட அடையாளம் அது. 300ல எஃப்எஃப் வந்தா 280, 320, 340ன்னு போய்ப் பாருங்க. க்யூ அடிச்சா வெளில வந்துடலாம். படிக்கறது மட்டும் பண்ணுங்க, ஓ கமாண்ட் போர்ட்ல எழுதும், தெரியாம எழுதினா டிஸ்க் கன்ட்ரோலர்ல போய் எழுதிட வாய்ப்பு இருக்கு.

அட்ரஸ் மோதல் ரெண்டு அடிக்கடி பார்த்திருக்கேன். என்ஈ2000 ஆரம்ப அட்ரஸ்லேருந்து 32 போர்ட் எடுத்துக்கும், அதனால 360 ஹெக்ஸ்ல வெச்சா அது 37எஃப் வரைக்கும் நீளும், 378 ஹெக்ஸ்ல இருக்கற ப்ரின்டர் போர்ட்டை அப்படியே மிதிச்சுடும். இன்னொண்ணு இந்தக் காலத்துது, பழைய எக்ஸ்டி மெஷின்ல காம்பாக்ட் ஃபிளாஷ் போடறதுக்காக எக்ஸ்டி-ஐடிஈ கார்டு வாங்கறாங்க, அதுவும் வழக்கமா 300 ஹெக்ஸ்லதான் உட்கார்ந்திருக்கும். ரெண்டுல ஒண்ணை நகர்த்தணும், நெட்வொர்க் கார்டை 320 இல்ல 340க்கு நகர்த்தறது சுலபம்.

ஐஆர்க்யூ, இங்கதான் முக்கால்வாசி பேர் மாட்டறாங்க

இதை கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா இதோட அறிகுறி ஏமாத்தற அறிகுறி. கார்டுக்கு பாக்கெட் வந்து சேர்ந்ததும் அது ப்ராசஸரைக் கூப்பிடணும், வந்து எடுத்துக்கோன்னு. அந்தக் கூப்பிடற கம்பிதான் ஐஆர்க்யூ. அனுப்பறதுக்கு அது பெருசா தேவைப்படாது. அதனால ஐஆர்க்யூ தப்பா இருந்தா டிரைவர் அழகா ஏறும், மேக் அட்ரஸ் (கார்டோட தனி அடையாள எண்) சரியா காட்டும், பாக்கெட் வெளில போகும், ரூட்டர் அதைப் பார்க்கும், பதில் கூட அனுப்பும், அந்தப் பதில் கார்டு வரைக்கும் வந்து அங்கேயே கிடக்கும், எடுத்துக்க யாரும் வர மாட்டாங்க. நாம என்ன நினைப்போம்? டிரைவர்தான் ஏறிடுச்சே, மேக் அட்ரஸ் கூட வந்துடுச்சே, அப்ப கோளாறு ரூட்டர்லதான்னு மணிக்கணக்குல அங்க போய்த் தேடுவோம். நானும் ஒரு முழு சாயங்காலம் அப்படித் தேடியிருக்கேன், கடைசில பார்த்தா ஜம்பர் 5ல இருந்துது, கமாண்டுல 3ன்னு குடுத்திருந்தேன்.

எது எது யார் கையில இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். 3 வந்து காம்2, 4 காம்1 (ரெண்டும் சீரியல் போர்ட்), 5 ரெண்டாவது ப்ரின்டர் போர்ட், ஆனா பெரும்பாலும் சவுண்ட் கார்டு அதைப் பிடிச்சுக்கும், 6 ஃபிளாப்பி, 7 ப்ரின்டர், 12 பிஎஸ்2 மவுஸ், 14ம் 15ம் ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர். 10ம் 11ம் தான் பொதுவா காலியா இருக்கும், கார்டும் ஸ்லாட்டும் இடம் குடுத்தா கண்ணை மூடிட்டு 10ல வைங்க. ஐஎஸ்ஏல ரெண்டு கார்டு ஒரு ஐஆர்க்யூவைப் பகிர்ந்துக்க முடியாது, ஏதோ சில நேரம் ஓடற மாதிரி தெரிஞ்சாலும் நம்பாதீங்க.

வழக்கமான 3ஐ அப்படியே விடறதா இருந்தா பயாஸ்ல (மெஷின் ஆன் பண்ணினதும் உள்ள போகற செட்டப்) போய் காம்2வை டிசேபிள் பண்ணிடுங்க. சீரியல் மவுஸ் காம்2ல இருந்து, நெட்வொர்க் டிரைவர் ஏறின அந்த நொடியே மவுஸ் அசையாம நின்னா, வேற எங்கயும் தேட வேணாம், மோதல் இதுதான். டாஸ் 6ஓட வர்ற எம்எஸ்டி ப்ரோக்ராம்ல ஐஆர்க்யூ பட்டியல் பார்க்கலாம், உதவியா இருக்கும், ஆனா அது யூகிச்சுச் சொல்றதுதான், டிரைவர் ஏத்தாத கார்டு அதுல தெரியாது, அதனால அதுல காலின்னு போட்டிருந்தா உடனே நம்பிடாதீங்க, கேபினெட்டைத் திறந்து ஒவ்வொரு கார்டா பாருங்க.

8 பிட் ஸ்லாட்ல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. சில 16 பிட் கார்டு 8 பிட் ஸ்லாட்லயும் ஓடும்தான், ஆனா ஐஆர்க்யூ 10லேருந்து 15 வரைக்குமான கம்பி எல்லாம் ஸ்லாட்டோட நீட்டின பகுதிலதான் இருக்கு. கார்டை 10ல வெச்சுட்டு 8 பிட் ஸ்லாட்ல சொருகினா அந்தக் கூப்பிடற சத்தம் போக வழியே இல்ல. அங்க 2லேருந்து 7க்குள்ளதான் பார்க்கணும். 286லயும் அதுக்கு மேல உள்ள மெஷின்லயும் ஜம்பர்ல 2ன்னு போட்டிருக்கற கம்பி நிஜத்துல 9ல போய்ச் சேருது, அதனால 2 குடுத்து ஓடலேன்னா டிரைவருக்கு 9ன்னு குடுத்துப் பாருங்க.

ஜம்பரே இல்லாத கார்டும் நிறைய இருக்கு. ரியல்டெக் 8019 சிப் வெச்ச கார்டு, 3சி509பி இதெல்லாம் ப்ளக் அண்ட் ப்ளே மோடுல விட்டு வெச்சிருப்பாங்க. டாஸ் அதை எழுப்பாது, மெஷினோட பயாஸுக்கும் அந்த வித்தை தெரியாதுன்னா கார்டு எந்த அட்ரஸ்லயும் இருக்காது, தூங்கிக்கிட்டே இருக்கும். கார்டோட செட்டப் ப்ரோக்ராம் டிஸ்கைத் தேடி எடுங்க, ரியல்டெக்குக்கு ஆர்செட்8019, 3காமுக்கு 3சி5எக்ஸ்9சிஎஃப்ஜி, அதுல ப்ளக் அண்ட் ப்ளேவை அணைச்சு, அட்ரஸும் ஐஆர்க்யூவும் நிலையா எழுதி, பூட் ராமையும் டிசேபிள் பண்ணி சேவ் பண்ணுங்க. அப்புறம் மெஷினை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் போதாது. ஐஎஸ்ஏவுக்கு அப்புறம் வந்த பிசிஐ ஸ்லாட் கார்டுன்னா இந்தத் தொல்லை குறைவு, டிரைவரே தேடிக் கண்டுபிடிச்சுக்கும், பயாஸ்ல ப்ளக் அண்ட் ப்ளே ஓஎஸ் இருக்கான்னு கேக்கற இடத்துல மட்டும் நோன்னு வைங்க, அப்பத்தான் பயாஸ் கார்டுக்கு ஐஆர்க்யூ ஒதுக்கிக் குடுக்கும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் 8003, 8013, பழைய எஸ்எம்சி கார்டு இதுக்கெல்லாம் மூணாவதா ஒண்ணு உண்டு, மெமரி. கார்டுல இருக்கற ராம் டி000 மாதிரி ஒரு இடத்துல தெரியும், அதே இடத்தை ஈஎம்எம்386ங்கற மெமரி மேனேஜர் காலின்னு நினைச்சு எடுத்துக்கிட்டா மெஷின் உறைஞ்சு போகும், இல்ல குப்பை டேட்டாவா வரும். பூட் ஆகறப்ப டாஸ் படிக்கற கான்ஃபிக்.சிஸ் ஃபைல்ல ஈஎம்எம்386 வரியோட கடைசில எக்ஸ், சமம், டி000-டி3எஃப்எஃப்னு சேர்த்து அந்த இடத்தை விலக்கி வைங்க. சந்தேகமா இருந்தா பூட் ஆகறப்ப எஃப்5 தட்டி கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ரெண்டையும் தாண்டி வந்து, டிரைவரை மட்டும் கையால ஏத்திப் பாருங்க. அப்ப ஓடுச்சுன்னா குத்தம் மெமரி மேனேஜர்லயோ வேற ஏதாவது டிரைவர்லயோ இருக்கு, எஃப்8 தட்டி ஒவ்வொரு வரியா சம்மதம் குடுத்துக்கிட்டே வந்தா எந்த வரின்னு பிடிச்சுடலாம்.

டிரைவரை ஏத்தறது

என்ஈ2000க்கு கமாண்ட் வரிசை இதுதான், டிரைவர் பேரு, பாக்கெட் இன்டரப்ட் 60 ஹெக்ஸ், அப்புறம் ஐஆர்க்யூ, அப்புறம் ஐஓ அட்ரஸ். முதல்ல வர்ற 60 ஹெக்ஸ் ஐஆர்க்யூ கிடையாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க, அது மேல இருக்கற ப்ரோக்ராம் டிரைவரைத் தேடி வர்ற கதவு நம்பர் மாதிரி, 60லேருந்து 80 ஹெக்ஸ் வரைக்கும் எதையும் வைக்கலாம், எல்லாரும் 60தான் வைப்பாங்க. 3சி509 டிரைவருக்கு 60 ஹெக்ஸ் மட்டும் குடுத்தாப் போதும், மீதியை கார்டுகிட்டேருந்தே படிச்சுக்கும்.

ஏறினதும் மேக் அட்ரஸ் காட்டும், அதை கார்டு மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பாருங்க. எல்லாமே எஃப்எஃப்னோ எல்லாமே சைபர்னோ வந்தா அட்ரஸ் தப்பு, இல்ல கார்டு சரியா உட்காரல. சரியா வந்துதுன்னா எம்டிசிபில இருக்கற பிகேடிடூலை எடுங்க, என்னைக் கேட்டா இந்த விஷயத்துல இதை விட உதவியான டூல் இல்ல. ஸ்கேன்னு குடுத்தா டிரைவர் எந்த இன்டரப்ட்ல இருக்குன்னு சொல்லும். ஸ்டாட்ஸ்னு குடுத்தா எத்தனை பாக்கெட் போச்சு, எத்தனை வந்துது, எத்தனை எரர்னு காட்டும். லிஸன்னு குடுத்தா நெட்வொர்க்ல போறதையெல்லாம் ஓட விட்டுக் காட்டும். நாலு சாமான் இணைஞ்ச எந்த நெட்வொர்க்லயும் யாராவது ஒருத்தர் ப்ராட்காஸ்ட் பண்ணிக்கிட்டேதான் இருப்பாங்க, அதனால லிஸன் போட்டுட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்க, இல்ல போனை வைஃபைலேருந்து எடுத்து மறுபடி சேருங்க, ஏதாவது ஒண்ணு திரைல வந்தே ஆகணும். வந்துடுச்சுன்னா கேபிள், கார்டு, அட்ரஸ், ஐஆர்க்யூ எல்லாமே சரி, அந்தப் பக்கமே இனி திரும்பிப் பார்க்க வேணாம். லிங்க் லைட் எரியுது, அனுப்பின கணக்கு ஏறுது, வந்த கணக்கு மட்டும் சைபர்லயே நிக்குதுன்னா ஐஆர்க்யூன்னு கிட்டத்தட்ட உறுதியாச் சொல்லலாம்.

இந்த அடுக்குல இன்னும் ரெண்டு. ஒரு ப்ரோக்ராம் பாதில செத்துப் போச்சுன்னா டிரைவர்ல அது பதிஞ்சு வெச்ச பதிவு அப்படியே இருக்கும், அடுத்து வர்ற ப்ரோக்ராம் அதே வகை பாக்கெட்டைக் கேட்டா டிரைவர் தர மாட்டேன்னுடும், நேத்து ஓடினது இன்னிக்கு ஓடலன்னு தோணும், ரீபூட் பண்ணினா சரியாயிடும். அப்புறம் ஒரே கார்டுக்கு மைக்ரோசாஃப்ட் கிளையன்ட்டோட டிரைவரையும் பாக்கெட் டிரைவரையும் சேர்த்து ஏத்தாதீங்க. ரெண்டும் வேணும்னா என்டிஐஎஸ் மேல உட்கார்ந்து பாக்கெட் டிரைவர் மாதிரி நடிக்கற டிஐஎஸ்_பிகேடி இருக்கு, ஓடிஐ மேலன்னா ஓடிஐபிகேடி.

ஐபி

இப்ப எம்டிசிபி. ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல பாக்கெட் இன்டரப்ட் 60 ஹெக்ஸ்னு ஒரு வரி, ஹோஸ்ட் பேரு ஒரு வரி எழுதி வெச்சு, அந்த ஃபைல் எங்க இருக்குன்னு எம்டிசிபிசிஎஃப்ஜி அப்படிங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல சொல்லணும். செட் கமாண்ட் அடிக்கறப்ப சமக் குறிக்கு முன்னாடி இடைவெளி விட்டுடாதீங்க, டாஸ் அந்த இடைவெளியையும் பேரோட சேர்த்துக்கும், அப்புறம் ப்ரோக்ராம் தேடற பேரு வேற, இருக்கற பேரு வேற, கண்ணுக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணாத் தெரியும். என்விரான்மென்ட் இடம் பத்தலன்னு எரர் வந்தா கான்ஃபிக்.சிஸ்ல ஷெல் வரில கமாண்ட்.காமுக்கு ஸ்லாஷ் ஈ கோலன் 512ன்னு சேர்த்து, கூடவே ஸ்லாஷ் பியும் போடுங்க.

டிஹெச்சிபி ப்ரோக்ராமை ஓட்டினா அது ரூட்டர்கிட்ட ஐபி வாங்கி அதே ஃபைல்ல எழுதி வைக்கும். அதனால அந்த ஃபைல் எழுத முடியற இடத்துல இருக்கணும், ரைட் ப்ரொடெக்ட் பண்ணின ஃபிளாப்பிலேருந்து ஓட்டினா வாங்கின ஐபியை வைக்க இடமில்லாம போயிடும். எப்ப வாங்கினோம், எவ்வளவு நேரத்துக்குங்கறதையும் நேரத்தோட அதுல எழுதும், மெஷினோட பேட்டரி செத்து ஒவ்வொரு பூட்டுலயும் தேதி 1980 ஜனவரி 1க்குப் போகுதுன்னா அந்தக் கணக்கே தாறுமாறாயிடும். பேட்டரி மாத்துங்க, மதர்போர்டுல ஒட்டியிருக்கற பீப்பாய் மாதிரி பேட்டரின்னா நெட்வொர்க்குக்காக இல்லேன்னாலும் மாத்தியே ஆகணும், அது கசிஞ்சு போர்டையே அரிச்சுடும். அதுவரைக்கும் டிஹெச்சிபியை ஆட்டோஎக்ஸெக்.பேட்ல போட்டு ஒவ்வொரு பூட்டுலயும் ஓட விடுங்க, எஸ்என்டிபி ப்ரோக்ராம் வெச்சு நேரத்தையும் சரி பண்ணிக்கலாம்.

டிஹெச்சிபி பிடிவாதமா ஓடலேன்னா கையால குடுத்துப் பாருங்க, ஐபி, நெட்மாஸ்க், கேட்வே, நேம்சர்வர் நாலு வரி. ரூட்டர் 192.168.1.1ன்னா மெஷினுக்கு 192.168.1.200 மாதிரி ரூட்டர் தானா பங்கு போடற எல்லைக்கு வெளில ஒண்ணு, மாஸ்க் 255.255.255.0. எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) வரில 576ன்னு இருந்தா 1500 ஆக்குங்க, ஃபைல் இறங்கற வேகம் நல்லாக் கூடும்.

அப்புறம் பிங், அதுவும் வரிசையா. முதல்ல ரூட்டர். அது பதில் சொன்னா 8.8.8.8 மாதிரி வெளி ஐபி. அதுக்கும் வந்தா ஏதாவது ஒரு பேரு. ரூட்டர் வருது, வெளி ஐபி வரலன்னா கேட்வே வரி தப்பு. வெளி ஐபி வருது, பேரு வரலன்னா நேம்சர்வர் வரி தப்பு. ரூட்டரே வரலன்னா மாஸ்க்கையும் ஐபியையும் ஒரு எழுத்து விடாம பார்த்துட்டு, அதுவும் சரின்னா திரும்ப லிஸனுக்குப் போங்க. ஒண்ணு கவனிங்க, நீங்க எந்த விண்டோஸ் மெஷினுக்கு பிங் அடிக்கறீங்களோ அதுல ஃபயர்வால் இருந்தா அது பதில் சொல்லாது, அதனால முதல் சோதனைக்கு ரூட்டரையே வெச்சுக்கோங்க.

எல்லாம் சரி, பிங் ஓடுது, ஆனா வெப்சைட் திறக்கலன்னு கேக்கறவங்க நிறைய. அது உங்க நெட்வொர்க்கோட கோளாறு இல்ல. இன்னிக்கு பெரும்பாலான சைட் ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தான் பேசுது, அந்த என்க்ரிப்ஷன் இந்தப் பழைய ப்ரோக்ராம்களுக்குத் தெரியாது. வெறும் ஹெச்டிடிபில இருக்கற சைட், எஃப்டிபி, டெல்நெட் எல்லாம் ஓடும். ஃபைல் மாத்தறதுக்கு எனக்குப் பிடிச்ச வழி, டாஸ் மெஷின்ல எம்டிசிபியோட எஃப்டிபி சர்வரை ஓட விட்டுட்டு புது மெஷின்லேருந்து ஃபைலைத் தள்ளறது, ஃபிளாப்பியைத் தூக்கிக்கிட்டு அலையற வேலையே இல்ல. பாஸ்வேர்ட் உட்பட எல்லாமே திறந்த எழுத்துலதான் போகும், அதனால இதை வீட்டு நெட்வொர்க்குக்குள்ள மட்டும் வெச்சுக்கோங்க, ரூட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க.

மைக்ரோசாஃப்ட் கிளையன்ட் போட்டு விண்டோஸ் ஷேர் கேக்கறவங்களுக்கு சுருக்கமா, டாஸ் கிளையன்ட் பேசறது பழைய எஸ்எம்பி (விண்டோஸ் ஷேருக்கான ப்ரோட்டோகால்) மட்டும், விண்டோஸ் 10ல 1709 பதிப்புலேருந்து எஸ்எம்பி1ஐ நிறுவறதையே நிறுத்திட்டாங்க, லினக்ஸ்லேருந்து விண்டோஸ் ஷேர் குடுக்கற சாம்பாலயும் 4.11லேருந்து இயல்பாவே அதை ஏத்துக்காது. பாதுகாப்புக்காக எடுத்ததை உங்க முக்கியமான மெஷின்ல திரும்பத் திறக்காதீங்க, தனியா ஒரு சின்ன லினக்ஸ் பெட்டில சாம்பா போட்டு, குறைந்தபட்ச ப்ரோட்டோகாலை லான்மேன்1க்கு இறக்கி, லான்மேன் பாஸ்வேர்ட் முறையையும் அனுமதிச்சு, அதை நடுவாளா வெச்சுக்கோங்க. ஷேர் பேரு எட்டு எழுத்துக்குள்ள இருக்கட்டும்.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் அந்த நிமிஷமே ஒரு வேலை பண்ணுங்க. கார்டு பேரு, ஐஓ அட்ரஸ், ஐஆர்க்யூ, ஓடின டிரைவர் கமாண்ட் முழுசா, இதை ஒரு தாள்ல எழுதி கேபினெட் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, டிரைவரையும் கார்டோட செட்டப் ப்ரோக்ராமையும் எம்டிசிபியையும் ஒரு பூட் ஃபிளாப்பில போட்டு மெஷின் கூடவே வைங்க. இந்த செட்டப் டிஸ்க் எல்லாம் தேடிக் கிடைக்கறதே இப்ப கஷ்டமா இருக்கு, அதனால ரெண்டு காப்பியா வைங்க.